நீராவிக் குழாயில் காய்ந்த பாவாடை

மழைக்காலத்தில் துணிக்கு வருகிற மக்கல் வாடையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசுகிற விஷயமா அது என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாடை வந்தால் அழுக்குத் துணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாகச் சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, மூன்று தண்ணீரில் அலசிய துணிக்கும் அது வரும். ஈரம் போகிற வேகத்தைவிட வாடை வருகிற வேகம் அதிகம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் காற்றே ஈரமாக இருக்கும். ஒரு பக்கம் கடல், மேலே மழை. துணி எந்தப் பக்கம் திரும்பிக் காயும்?

அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. ஒரே அறை, பின்னால் சமைக்க ஒரு தடுப்பு. சன்னல் ஒன்று உண்டு, அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அப்பா மில்லில் வேலை பார்த்தார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் நான் ஒருத்திதான் பிள்ளை. எட்டு வயசு ஆகியும் வீட்டில் பாப்பாதான்.

மூன்றாம் வகுப்புப் படித்தேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று உடம்பில் இருக்கும், ஒன்று கொடியில் இருக்கும். வெயில் காலத்தில் இந்தக் கணக்கு சரியாக ஓடும். மழை பிடித்துக்கொண்டால் கொடியில் இருப்பது இரண்டு நாளானாலும் இறங்காது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால், உடம்புச் சூடு பட்டதும் உள்ளே ஒளிந்திருந்தது எல்லாம் வெளியே வரும்.

அந்த வருஷம் மழை வந்த இரண்டாவது வாரம், எனக்கு முன்னால் உட்காருகிற பெண் ரிப்பன் முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாள் அவள் பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள். டீச்சர் நல்லவங்கதான். திட்டவில்லை. "நீ சன்னல்கிட்ட வந்து உக்காரும்மா, காத்து வரும்" என்று மட்டும் சொன்னாங்க. ஏன் எனக்கு மட்டும் காற்று வேண்டும் என்று வகுப்புக்கே தெரிந்துவிட்டது. சன்னலோரம் சாரல் அடிக்கும். சாரலில் நனைந்து துணி இன்னும் கொஞ்சம் மோசமாகும். அதையெல்லாம் நான் டீச்சரிடம் சொல்லவில்லை. எனக்கு வாய் கிடையாது அப்போதும்.

வீட்டுக்கு வந்து நான் அழுததில் அம்மா களத்தில் இறங்கிவிட்டாள். முதலில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டினாள். ராத்திரி சோற்று உலையும் குழம்பும் கொதித்த ஆவியில் துணி காய்ந்தது. காலையில் போட்டுக்கொண்டு போனேன். ரிப்பன்காரி, "உங்க வீட்ல கருவாடா?" என்றாள். ஆமாம், கருவாடுதான். அவளுக்கு மூக்கு அப்படி.

மறுநாள் அம்மா கூடையைக் கவிழ்த்து, உள்ளே சாம்பிராணி போட்டு, மேலே பாவாடையை விரித்தாள். அன்றைக்கு வகுப்பே என்னைப் பார்த்துக் கைகூப்பியது. கோயில் வந்திருக்கிறது என்று சிரித்தார்கள். மக்கல் வாடை சாம்பிராணிக்கு அடியில் பத்திரமாக இருந்தது, மத்தியானத்துக்குள் தலையைத் தூக்கிவிட்டது.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கடற்கரைப் பக்கம் ஒரு மதாம் வீட்டில் சமையல் வேலை செய்தாள். வெள்ளைக்காரர்கள் வீட்டு வேலை என்பதால் எங்கள் சந்தில் அவள் சொல்லுக்குத் தனி மதிப்பு. அவள் வந்து என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, வாடைக்கு மேல வாசனையக் கொட்டுனா வாடை போயிடுமா? மதாம் வீட்ல கடைசித் தண்ணியில காடி ஊத்துவாங்க. ஒரு மூடி. வாடை இருந்த எடமே தெரியாது" என்றாள். அடுத்த நாள் மதாம் வீட்டுக் காடியை, இப்போது வினிகர் என்கிறோமே அதை, ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்தும் கொடுத்தாள்.

ஒரு மூடி என்றுதான் பெரியம்மா சொன்னாள். என் அழுகையைப் பார்த்த அம்மாவுக்கு ஒரு மூடி போதும் என்று தோன்றவில்லை. குப்பியைக் கவிழ்த்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் போன இடமெல்லாம் ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரி இருந்தது. பெரியம்மா வந்து, "மூடின்னா மூடிடி, நம்ம அப்பன் வெச்ச சொத்தாட்டம் வாரி ஊத்தியிருக்கியே" என்று திட்டினாள். காடி நல்ல வழிதான், இன்றைக்கும் நான் செய்கிறேன். ஆனால் எந்த வழியானாலும் கடைசியில் துணி சட்டென்று காய வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

நான் இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா அதிகம் பேசாதவர். என் கூச்சம் அவரிடமிருந்து வந்ததுதான். அன்று விடியற்காலையில் மில் சங்கு ஊதினதும் எழுந்தார், பழையசோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டார். கொடியில் தொங்கின என் ஈரப் பாவாடையையும் சட்டையையும் மடித்து சோற்றுப் பையில் வைத்தார். அம்மா, "எங்க எடுத்துக்கினு போறீங்க?" என்றாள். "மழையில்லாத எடத்துக்கு" என்றார் அப்பா.

அவர் வேலை பார்த்தது பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற கூடத்தில். நெய்கிற நூல் அறுந்துபோகாமல் இருக்க முதலில் அதைக் கொதிக்கிற கஞ்சியில் முக்கி, பெரிய பெரிய சூட்டு உருளைகள் மேல் ஓடவிட்டுக் காயவைப்பார்கள். அதற்காக அந்தக் கூடம் முழுக்க நீராவிக் குழாய் ஓடும். கோடையில் உள்ளே நிற்க முடியாது என்று அப்பா சொல்வார். மழைக்காலத்தில் ஊரிலேயே காய்ந்த இடம் அதுதான் போல.

மத்தியானம் ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்த துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். சூடு இன்னும் மிச்சம் இருந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். கருவாடு இல்லை, கோயில் இல்லை, ஊறுகாய் இல்லை. ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத வாடை எவ்வளவு நல்ல வாடை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து தினமும் ஒரு ஜோடி மில்லுக்குப் போகும், ஒரு ஜோடி பள்ளிக்கூடம் போகும். நான் சன்னலோரத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் ரிப்பன் திரும்புவது நின்றுவிட்டது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வெள்ளைச் சட்டையின் முதுகில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருந்தது. குழாயின் துரு. அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தாள், போகவில்லை. நான் அடம் பிடித்தேன். இதைப் போட்டுக்கொண்டு போனால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், மாட்டேன் என்றேன். வாடையாவது மூக்குக்குத் தெரிவது, இது கண்ணுக்கே தெரியுமே என்று தரையில் காலை உதைத்து அழுதேன். அப்பா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து துரு படவில்லை. துணிகள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கோராத் துணியில் சுற்றி வந்தன. வெளுக்காத, மண் நிறத்துத் துணி. மறுநாள் காலையில் அப்பா அதை மறுபடியும் மடித்துக்கொண்டு போய்விடுவார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மிட்டாயைச் சுற்றி வரும் காகிதத்தை யார் கவனிக்கிறார்கள்?

ஒரு மத்தியானம் ஷிப்டு முடிந்த சங்கு ஊதி, சந்துக்காரர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தும் அப்பா வரவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாமா, அப்பாவோடு ஒரே கூடத்தில் வேலை பார்ப்பவர், தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "கேட்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. மடியில துணி இருந்துச்சாம்."

துணி மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வெளியே வரும்போது ஆண்கள் வரிசையாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், கேட்டுக்காரர்கள் இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். துணியை வயிற்றில் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். பிடிபட்டால் அன்றோடு வேலை போய்விடும். அப்பாவைப் பார்த்துப் பழகிய பழைய கேட்டுக்காரர் அவர் இடுப்பைத் தொடுவதே இல்லை. அன்றைக்கு அவர் இடத்தில் வேறு ஆள்.

அம்மா அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் சீருடையிலேயே இருந்தேன். "வா, நீதான் சாட்சி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஒரே ஒரு கோணிப்பையைக் கொங்காணி மாதிரி மடித்து என் தலையில் மாட்டிவிட்டாள். அவள் நனைந்துகொண்டே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் கேட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் எல்லாரும் அவரைச் சொல்தா என்றே சொல்வார்கள். வெள்ளை மீசை. சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள், கேட்டுக்காரர்கள், அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள், தொழிற்சங்கத்து ஆள் ஒருவர். அப்பா மூலையில் நின்றார். மேசை மேல் என் பாவாடை, என் சட்டை, அந்தக் கோராத் துணி. என் துணியை அத்தனை பேருக்கு நடுவில் பார்த்ததும் நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

அம்மா என்னை வெளியே இழுத்து, மேசையிலிருந்த பாவாடையை எடுத்து என் இடுப்பில் வைத்துக் காட்டினாள். சட்டையைத் திருப்பி அக்குளில் தான் போட்ட ஒட்டைக் காட்டினாள். "எங்கூட்டுப் புள்ள துணிங்க ஐயா. மழையில காயல. அதுக்குத்தான் எடுத்தாந்தாரு."

"ஊருக்கேதான் காயல" என்றார் சொல்தா. "எல்லாரும் மூட்டையத் தூக்கிக்கினு வந்தா இது மில்லா, மொட்டமாடியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவாடையையும் சட்டையையும் அம்மா பக்கம் தள்ளிவிட்டார். "இது உங்களுது, சரி. இது?" என்று கோராத் துணியைத் தொட்டார். "இது மில்லு துணி."

"அத எடுத்துக்க மாட்டாருங்க" என்றாள் அம்மா அவசரமாக. "தெனமும் கொண்டாந்து திரும்பக் கொண்டுபோய் வெச்சுடுவாருங்க."

சங்கத்து ஆள் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அப்போ தெனமும் எடுத்திருக்கான்" என்றார் பின்னால் யாரோ. அம்மாவுக்குத் தான் சொன்னது என்ன என்று புரிந்தபோது முகம் கறுத்துப்போனது.

சொல்தா கெட்ட மனுஷர் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கும் இதை முடித்தால் போதும். "இங்க பாருப்பா. பன்னெண்டு வருஷமா இருக்கிற, ஒரு புகார் கெடையாது. கழிவுல கெடந்த துண்டுதான், எனக்கும் தெரியுது. எதுக்கு எடுத்தேன்னு ஒரு காரணம் சொல்லு. எழுதிட்டு அனுப்பிடறேன். காரணம் இல்லன்னா நான் திருட்டுன்னுதான எழுதணும்?"

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஈரத்துணியப் போட்டுக்கினு போனா என்னய்யா ஆயிடும்? அதையாவது சொல்லு. அப்படி என்ன அவசரம்?"

"பள்ளிக்கூடத்துல பாப்பாவ..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அம்மா நிறுத்திவிட்டாள்.

சொல்தா என் பக்கம் குனிந்தார். மீசையில் மூக்குப்பொடி இருந்தது. "நீ சொல்லும்மா. அப்பா எதுக்கு இந்தத் துணிய எடுத்தாரு?"

எனக்குத் தெரியும். துரு படாமல் இருக்க என்று தெரியும். கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் துருவைச் சொன்னால் குழாயைச் சொல்ல வேண்டும். குழாயைச் சொன்னால் சன்னலோரத்தைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு ஆண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோணிப்பையை முகத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"காரணம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் அப்பா. "தப்புதாங்க."

சங்கத்து ஆள் நடுவில் புகுந்து நிறையப் பேசினார். எதிர்வீட்டு மாமாவும் கேட்டுக்கு வந்து சேர்ந்து, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னார். கடைசியில் வேலை போகவில்லை. ஏழு நாள் உள்ளே வரக்கூடாது, திரும்பி வரும்போது கஞ்சிக் கூடம் கிடையாது, பஞ்சு உதறுகிற அறைக்குப் போக வேண்டும் என்று முடிவானது. பஞ்சுத் தூசியில் நிற்கிற அந்த அறைக்கு யாரும் விரும்பிப் போவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏழு நாள் அப்பா வீட்டில் இருப்பார் என்று மட்டும் புரிந்தது. வரும் வழியில் அவர் என்னைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயசுப் பிள்ளையைத் தூக்குகிறாரே என்று வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அந்த ஏழு நாளைப் போல நாள் என் சின்ன வயசில் வேறு கிடையாது. மழை விடவே இல்லை. அப்பா அடுப்பை எடுத்துக்கொண்டார். விறகை வெளியே இழுத்து, புகையெல்லாம் அடங்கின பிறகு வெறும் கரியின் கனலில் கூடையைக் கவிழ்ப்பார். முதலில் துணியைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்குவார், அதிலேயே பாதி ஈரம் போய்விடும். அப்புறம் கூடை மேல் விரிப்பார். சும்மா விரித்துவிட்டுப் போகமாட்டார். கிட்டவே உட்கார்ந்து, இடுப்புப் பட்டை, மடிப்பு, ஓரம், எங்கெல்லாம் துணி இரண்டாகச் சேர்கிறதோ அங்கெல்லாம் விரலை வைத்துப் பார்ப்பார். அங்கேதான் ஈரம் ஒளிந்துகொள்ளும் என்பார். இன்றைக்கு நான் துணி காயவைப்பதும் அப்படித்தான். அம்மா அந்தப் பக்கம் வந்தால், "நீ போ, உனக்கு அவசரம்" என்று விரட்டுவார். துணி மக்காமலும் இருந்தது, புகையாமலும் இருந்தது. மூன்றாவது நாள் டீச்சர் என்னை முன் பெஞ்சுக்குக் கூப்பிட்டாங்க. மழை நிற்கவே கூடாது, அப்பாவுக்கு லீவு முடியவே கூடாது என்று பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த அம்மன் கோயிலில் தினமும் கும்பிட்டேன்.

ஆறாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு நான் திரும்பி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா பேசுவது கேட்டது. கோபமாக இல்லை, ஆறு நாளாக உருட்டி உருட்டி வைத்திருந்ததை மெல்ல எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது.

"துரு படும்னு எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. அவரே வழி காட்டுனாரு."

அப்பா சொன்னார். "துருன்னா ஏன் காயவெச்சன்னு கேப்பாரு. ஈரம்னா ஈரத்துல என்னன்னு கேப்பாரு. அத்தன ஆம்பளைங்க நிக்கறாங்க. பாப்பா அங்கயே நிக்குது. எம்பொண்ணு துணி நாறுதுன்னு அது காதுபட என்னச் சொல்லச் சொல்றியா?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எல்லாம் கேட்டேன், ஒரு வார்த்தை விடாமல். ஆனால் எனக்குள் இறங்கியது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் வாயால் சொல்லாத வார்த்தையை அப்பா சொல்லிவிட்டார். என் துணி நாறுகிறதாம்.

உள்ளே போய் பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அப்பா கூப்பிட்டார், போகவில்லை. அடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக் கொண்டுவந்தார், தொடவில்லை. "யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?" என்றார். நான் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மாவுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் கூடையிலிருந்து பாவாடையை எடுத்தார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். இடுப்புப் பட்டையை இரண்டு விரலால் நெருடிக்கொண்டே வந்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீட்டினார்.

"எங்கியாச்சும் ஈரம் இருக்குதா பாரு பாப்பா. இருந்தா சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம் வெக்கறேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாங்கினேன். சூடாக இருந்தது. எங்குமே ஈரம் இல்லை. அதைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை.